ரொட்டிக்குள் வைத்த சாவி

விண்ணுலகின் துணையுடன்

பினே பிராக்,
இய்யார் மாதம் 19, திங்கட்கிழமை

அன்பிலும் படிப்பிலும் என்னைவிடப் பெரியவரான மைத்துனர் நப்தலி அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் எரக்மியேல் பணிந்து எழுதுவது.

ஹைஃபாவில் நீங்களும் வீட்டாரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று மூன்று வேளைத் தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். என் உடம்பு நன்றாக இருக்கிறது. பொத்தான் கடையும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நலம் என்று எழுத இதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

உங்கள் தங்கை ஹிந்தா அங்கே வந்து இன்றோடு மூன்று வாரம் ஆகிறது. ஏன் வந்தாள் என்று அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். நான் இரண்டு முறை போனில் கூப்பிட்டேன். முதல் முறை, "இங்க நெலமை உங்களுக்கே தெரியும் மாப்பிள்ளை, இப்ப அவளால வர முடியாது" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். இரண்டாம் முறை, "வலி இன்னும் அடங்கல, கொஞ்ச நாள் போகட்டும்" என்றீர்கள். யாருக்கு வலி, எங்கே வலி என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. கொடுத்தவனே கேட்டால் அழகாக இருக்காது. போனில் பேச்சு வராததால் கடிதமாக எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

குளிர்காலம் தொடங்கியதிலிருந்தே கடையில் ஆள் நடமாட்டம் குறைந்துவிட்டது. இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய துணிக்கடை வந்திருக்கிறது. அங்கே பொத்தானைக் கிலோக் கணக்கில் கொட்டி விற்கிறார்கள். நான் இதை ஜெபக்கூடத்தில் ஒருவரிடம் சொன்னதுதான் தாமதம், பத்துப் பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு வரும்படி பெருக ஆளுக்கொரு வழி சொன்னார்கள். வானத்திலிருந்து மன்னா என்னும் உணவு விழுந்த வேத அதிகாரத்தைக் குறிப்பிட்ட ஒரு செவ்வாய்க்கிழமையில், மூலத்தை இரண்டு முறையும் அரமேய மொழியில் ஒரு முறையும் வாசித்தால் வருஷம் முழுக்கச் சாப்பாட்டுக்குப் பஞ்சம் இல்லை என்றார் ஒருவர். நான் கடைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு மனம் ஒன்றி வாசித்தேன். வாசித்து முடிப்பதற்குள் நாலு பெண்கள் கதவைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். சாப்பாட்டுக்கு முன் கை கழுவும்போது தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினால் செல்வமும் அள்ளி அள்ளி வரும் என்றார் இன்னொருவர். நான் எங்கள் செம்பை ஒதுக்கிவிட்டு ஒரு வாளியே வைத்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் கீழ்வீட்டுக்காரர் வந்து, தன் சாப்பாட்டு அறைக் கூரையில் ஒட்டகம் மாதிரி ஒரு கறை படிந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். ஒட்டகம்தான். ரொட்டித் துணுக்கைத் தரையில் விட்டால் வறுமை குடியேறும் என்று கேள்விப்பட்டு மேஜைக்கு அடியில் தவழ்ந்து பொறுக்கி, எழும்போது தலையை இடித்துக்கொண்டேன். நெற்றியில் மூன்று தையல். ஹிந்தா இவை எதையும் தடுக்கவில்லை. மருத்துவமனையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்த தடவ என்கிட்ட சொல்லுங்க, தொடப்பம் தரேன்" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது சாவி விஷயத்துக்கு வருகிறேன். பஸ்கா பண்டிகை முடிந்து வரும் முதல் ஓய்வுநாளுக்குச் சுடும் ரொட்டியில் சாவி வைத்துச் சுடும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வானத்தில் வரும்படியின் கதவு திறக்கட்டும் என்று வைப்பது. உங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லாததால் ஹிந்தா அதுவரை வைத்ததில்லை. எந்தச் சாவியானாலும் சரி என்று சொல்வார்கள். ஆனால் கடைக்குத்தானே வரும்படி வேண்டும், கடைச் சாவியையே வைப்போம் என்று எனக்குத் தோன்றியது. ஷட்டரின் பெரிய பூட்டுக்கு இரண்டு சாவிகள் இருந்தன. ஒன்றை நான் குளிர்காலத்தில் தொலைத்துவிட்டேன். மிச்சம் இருந்தது ஒன்றுதான். இதையெல்லாம் யாரிடமும் சொல்லாமல் செய்தால் பலன் அதிகம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆகையால் வெள்ளிக்கிழமை காலை ஹிந்தா பின்னல் ரொட்டிகளை முடைந்து வைத்துவிட்டுத் துணி உலர்த்த மாடிக்குப் போன நேரத்தில், சாவியைத் தாளில் சுற்றி மாவுக்குள் அழுத்திவிட்டேன். நாலு ரொட்டிகள் இருந்தன. அவற்றில் பார்க்க மிக அழகாக இருந்த ரொட்டியில் வைத்தேன். அதுதான் எங்கள் மேஜைக்கு வரும் என்று நினைத்தேன். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷம் ஆகிறது. ஹிந்தா இருப்பதிலேயே நல்லதை வெளியே கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வைப்பாள் என்பது எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் மாடியில் பெர்ல் என்று ஒரு பெண் இருக்கிறாள். அப்போதுதான் இரட்டை ஆண் குழந்தைகள் பெற்றிருந்தாள். கணவன் ஷ்ராகா இரண்டு வருஷமாக வாத்தியார் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தவன். எங்களுக்குப் பிள்ளை இல்லாததால் ஹிந்தாவுக்கு அந்தக் குழந்தைகள் மேல் தனிப் பிரியம். அவர்கள் வீட்டுக்கு இரண்டு ரொட்டிகள் போயின. அன்று மாலை ஓய்வுநாள் தொடங்கியதும் நான் எங்கள் மேஜையில் முதல் ரொட்டியை வெட்டினேன், இல்லை. இரண்டாவதை வெட்டினேன், அதிலும் இல்லை. அடுத்த வேளைக்கு வைத்திருந்ததை எல்லாம் நான் துண்டு துண்டாக்கியதை ஹிந்தா பார்த்துக்கொண்டே இருந்தாள். "பசியா?" என்றாள். ஆமாம் என்றேன். ஓய்வுநாளில் சொன்ன பொய் அது ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்கு முன்னால் சாவி இல்லாமல் நின்றேன். பூட்டுக்காரர் மசூதைக் கூப்பிட்டேன். மொரோக்கோவிலிருந்து வந்தவர், நல்ல மனிதர், ஆனால் வாயைச் சும்மா வைத்திருக்க மாட்டார். துளைபோடும் எந்திரத்தை எடுத்தபடியே, "சாவி எங்க போச்சு?" என்றார்.

"ரொட்டியில வச்சேன்."

"அந்த ரொட்டி எங்க போச்சு?"

"அதுதான் தெரியல."

"பூட்டு திறக்கத்தான் என்னால முடியும் ஐயா. வயித்தத் திறக்க டாக்டர்தான் வரணும்" என்று சொல்லிவிட்டுப் பூட்டைத் துளைத்தார். பக்கத்து மீன்கடை சில்லா அம்மாள் கையில் கத்தியோடு வெளியே வந்து நின்றாள். எனக்குக் காப்பி கொண்டுவந்த ஹிந்தாவும் அங்கே நின்றாள். பூட்டு இரண்டாகக் கழன்று விழுந்த அதே நேரம், ஷ்ராகா தெருக்கோடியிலிருந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"ஹிந்தா அம்மா, எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. ரொட்டியில சாவி வச்சு அனுப்பினீங்களே, பலிச்சிருச்சு. இப்பதான் பள்ளிக்கூடத்துல கூப்பிட்டுச் சொன்னாங்க. நாளைக்கே வந்து சேரச் சொல்லிட்டாங்க. எங்கப்பாவுக்கு அதக் கடிச்சு ஒரு பல்லு போச்சு, பரவால்ல, அவரும் ஒங்கள வாழ்த்தினாரு."

ஹிந்தாவின் முகம் மலர்ந்தது. அவளுக்குச் சாவியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஆனாலும் அந்தப் பையனுக்கு வேலை கிடைத்ததில் அப்படி ஒரு சந்தோஷம். மைத்துனரே, அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்கென்று திறக்கவேண்டிய கதவு இரண்டு மாடி ஏறிப்போய் அவன் வீட்டில் திறந்துவிட்டதாக என் புத்திக்குத் தோன்றியது. சாவியைக் கொடு என்று ஷ்ராகாவிடம் கையை நீட்டினேன். அவன் தயங்கி, "குடுத்தா வேல போயிருமோன்னு பெர்ல் பயப்படுறா" என்றான். மசூத் குறுக்கே புகுந்து, "இனிமே அந்தச் சாவிக்குப் பூட்டே கெடையாது, அவனே வச்சுக்கட்டும்" என்றார். நான் ஹிந்தாவின் பக்கம் திரும்பினேன். எல்லோரும் கேட்கும்படியாகச் சொன்னேன்:

"ஓட்டைக் கை உன் கை. இருபத்தொம்பது வருஷமா என் வீட்டுக்கு வர்ற பாக்கியத்தையெல்லாம் வெளிய வழியவிட்டுக்கிட்டு இருக்கறவ நீதான்."

என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறேன். அவள் தலைத்துணிக்கு வெளியே வந்திருந்த முடியை உள்ளே தள்ளிக்கொண்டாள். காப்பித் தம்ளரைக் கவிழாதபடி கடை வாசற்படி ஓரத்தில் வைத்தாள். வீட்டுக்குப் போய்விட்டாள். ராத்திரிச் சாப்பாடு வழக்கம்போல வந்தது. உப்பு உறைப்புகூட வழக்கம்போலவே இருந்தது. மறுநாள் நான் கடையிலிருந்து வந்தபோது அவள் இல்லை. குளிர்பெட்டியில் மூன்று பாத்திரங்கள், ஒவ்வொன்றின் மேலும் எந்தக் கிழமைக்கு என்று எழுதி ஒட்டியிருந்தாள். பயணப்பையைக் காணவில்லை. உங்கள் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள் என்று பெர்ல் வந்து சொன்னாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குச் சில விஷயங்கள் தெரியவந்தன. தினமும் மதியம் நான் பாடம் படிக்கப் போகும் இரண்டு மணி நேரம் ஹிந்தா கடையில் உட்காருவாள். நான் இல்லாத நேரத்தில் கடையைப் பூட்டாமல் இருக்கத்தான் அவள் உட்காருகிறாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் இப்போது நான் உட்கார்ந்தேன். பெண்கள் வாசல்வரை வருவார்கள், உள்ளே எட்டிப் பார்ப்பார்கள், "ஹிந்தா இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா மட்டும் இரக்கப்பட்டு உள்ளே வந்து ஒரு துண்டுச் சரிகைத் துணியைக் காட்டினாள். நான் பதினாலு பெட்டிகளைத் திறந்து வைத்தேன். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ஹிந்தா துணியத் தொட்டுப் பாத்தாலே போதும், இதுதான்னு ஒண்ண எடுத்து வைப்பா. அதுக்குத்தானே அந்தப் பெரிய கடையை விட்டுட்டு இங்க வர்றோம்" என்றாள். அந்தப் பதினாலு பெட்டிகளை மூடி வைக்க எனக்கு வெகுநேரம் ஆனது. இத்தனை மாதமும் வாளியும் சாவியுமாக நான் கூப்பிட்டுக்கொண்டிருந்த வரும்படி, தினமும் இரண்டு மணி நேரம் என் கடையிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாள் விளக்கை நானே ஏற்றினேன். மனைவியைப் புகழ்ந்து பாடும் பாட்டுக்கு நேரம் வந்தது. அவள் வீட்டில் இல்லாவிட்டாலும் பாடவேண்டியதுதானே என்று தொடங்கினேன். அவள் நாற்காலியைப் பார்த்துப் பாடினேன். இருபத்தொன்பது வருஷமாக அந்தப் பாட்டை நான் மீனைப் பார்த்துத்தான் பாடியிருக்கிறேன் என்பது அப்போது ஞாபகத்துக்கு வந்தது. அவள் ஏழைக்குத் தன் கையை விரிக்கிறாள் என்று ஓர் அடி வரும். அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. மீனும் ஆறிவிட்டது.

மசூத் தான் போட்ட புதுப் பூட்டுக்கு எண்ணெய் விட வந்தபோது, நான் கேட்காமலேயே சொன்னார்: "பணம் வர்றதுக்கு நாப்பது வழி தெரிஞ்சு வச்சிருக்கீங்க. பொண்டாட்டியக் கௌரவமா வச்சா செல்வம் வரும்னு பெரியவங்க சொல்லி வச்சிருக்காங்களே, அத மட்டும் ஏன் விட்டீங்க? அதுக்குச் சாவியும் வேணாம், தண்ணியும் வேணாம்."

மைத்துனரே, என் மூளையின் லட்சணத்தைப் பாருங்கள். அதையும் நான் நாற்பத்தோராவது வழி என்றுதான் எடுத்துக்கொண்டேன். நேராகத் துணிக்கடைக்குப் போய் நல்ல உடுப்பாக ஒன்று கேட்டேன். அளவு கேட்டார்கள். தெரியவில்லை. என்னைவிட ஒரு சாண் குட்டை என்றேன். பருமன் கேட்டார்கள். கைகளை விரித்து ஏதோ காட்டினேன். கருநீல நிறத்தில், முத்துப் பொத்தான் வைத்ததாக ஒன்று கொடுத்தார்கள். அதைப் பார்சலாக உங்கள் விலாசத்துக்கு அனுப்பினேன். வெட்கத்தில் உள்ளே ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. நாலாம் நாள் உங்கள் தபால் அட்டை வந்தது. "உடுப்பு கிடைத்தது. புளூமாவுக்கு மிகவும் பொருத்தமாக இருக்கிறது. தளர்வாக இருப்பது இப்போது அவளுக்கு ரொம்ப வசதி. நல்ல மனசு மாப்பிள்ளை உங்களுக்கு" என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் பலமுறை படித்தேன். கட்டியவன் அனுப்பிய உடுப்பைத் தொடக்கூட மனம் வராமல் ஹிந்தா தன் அண்ணி புளூமாவுக்குக் கொடுத்துவிட்டாள் என்பது புரிந்தது. நல்ல மனசு என்று நீங்கள் குத்திக் காட்டியதும் புரிந்தது. எனக்கு வேண்டும். அந்த வாரம் பேருந்து நிலையம்வரை வந்து ஹைஃபாவுக்குச் சீட்டு வாங்கினேன். வண்டி கிளம்பியது, நான் ஏறவில்லை.

நாலு பேர் முன்னால் ஒருவரை அவமானப்படுத்தினால், வீட்டுக்குள் கேட்கிற மன்னிப்பு போதாது. நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னாலேயே எடுக்கவேண்டும். ஆகவே போன வெள்ளிக்கிழமை, கூட்டமான நேரம் பார்த்து, அதே நடைபாதையில் போய் நின்றேன். மசூதை வரச்சொல்லியிருந்தேன். ஷ்ராகாவும் ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். "என் மனைவியைப் பற்றி நான் இங்கே சொன்னது பொய். ஓட்டை இருந்தது என் வாயில்" என்று சொன்னேன். இதைச் சொல்வதற்குள் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. சில்லா அம்மாள், "அது எங்களுக்கு அன்னிக்கே தெரியும். கெண்டை வேணுமா, வேணாமா? பின்னால ஆளுங்க நிக்கிறாங்க" என்றாள். அரைக் கிலோ வாங்கிக்கொண்டேன். சமைக்கத் தெரியாமல் அது வீணாய்ப் போயிற்று.

நேற்று, பஸ்காவிலிருந்து நாள் எண்ணிவரும் ஓமரின் முப்பத்துமூன்றாம் நாள் என்று ஊரெல்லாம் தீ மூட்டினார்கள். அன்று வேண்டிக்கொண்டால் வரும்படிக்குத் தனிப் பலன் உண்டு என்று ஜெபக்கூடத்தில் மறுபடியும் சொன்னார்கள். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தேன். இனிமேல் எனக்கு எந்த வழியும் வேண்டாம். கடை ஓடினால் ஓடட்டும், இல்லாவிட்டால் யாரிடமாவது சம்பளத்துக்குப் போகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். இந்தக் கடிதத்தை ஹிந்தாவுக்குப் படித்துக் காட்டுங்கள். எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். அவள் வருவதானால் அவளாகவே வரட்டும். கடைக்கு ஆள் வேண்டும் என்பதற்காகக் கூப்பிடுகிறேன் என்று மட்டும் அவள் நினைத்துவிடக் கூடாது. அப்படி இல்லை என்பதை எப்படி எழுதிக் காட்டுவது என்று ஒரு மணி நேரம் யோசித்தேன், தெரியவில்லை. அவள் நாற்காலியில் நான் இதுவரை எதையும் வைக்கவில்லை, என் கோட்டைக்கூட. அதை மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் சந்தோஷச் செய்திகளே கேட்கட்டும். உங்கள் ஆயுசு நீளட்டும், உங்கள் மேஜையில் எப்போதும் இரண்டு ரொட்டி அதிகமாக இருக்கட்டும். புளூமா அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர்கள் என் மேல் கோபமாக இருந்தால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
எரக்மியேல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் கதவு திறந்து ஹிந்தா வந்துவிட்டாள். பையைக் கீழே வைத்தாள், என் கையிலிருந்து கடிதத்தை வாங்கினாள், நின்றபடியே முழுவதும் படித்தாள். படித்துவிட்டு, "அண்ணிக்குப் பித்தப்பை ஆபரேஷன். கூடமாட ஒத்தாசைக்குப் போறேன்னு அன்னிக்குக் காலையில ஒங்க எதுக்க நின்னு சொன்னேன். நீங்க தலையாட்டினீங்க" என்றாள். இப்போதுதான் ஞாபகம் வருகிறது. வரும்படிக்காக தூப ஜெபம் என்று ஒன்றை நாற்பது நாள் விடாமல் வாசிப்பதாக எடுத்திருந்தேன். நடுவில் பேசக்கூடாது என்று விதி. காதில் எதுவும் விழாதபடி வாசித்துக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் தலையை ஆட்டியிருக்கிறேன். ஆகவே, வலி புளூமா அண்ணிக்குத்தான் என்று இப்போது தெரிந்துகொண்டேன். உடுப்பையும் நோயாளிக்கு அனுப்பியதாகத்தான் நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு பெரிய ஆபரேஷனைப் பற்றி ஒரு வார்த்தைகூட விசாரிக்காத இந்தக் கடிதத்தை நீங்கள் படிக்கவே வேண்டாம். மேலே எழுதிய அனைத்தையும் எழுதாததாகக் கொள்ளவும். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. "அப்ப நீ அந்த வார்த்தைக்காகப் போகலியா?" என்று ஹிந்தாவிடம் கேட்டேன். அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே, "அண்ணி பத்து நாள்ல எழுந்து நடந்துட்டாங்க. மிச்சப் பதினோரு நாளும் அந்த வார்த்தைக்குத்தான்" என்றாள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடக் கூடாதாம், அவளே வைத்துக்கொள்வாளாம். நான் இந்தக் கடைசி வரியை எழுதி முடிப்பதற்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், கொடுத்துவிடப் போகிறேன். ஆகவே இது உங்களுக்கு வந்து சேராது.